ஒரு முடிச்சு, நான்கு இழை: எண்ணூர் எரிபொருள்களின் பெயர்க்கணக்கு

2017 ஜனவரி 28 விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று 'பிடபிள்யூ மேப்பிள்'. சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. மற்றொன்று 'டான் காஞ்சிபுரம்'. பெட்ரோலியப் பொருள்களோடு துறைமுகத்துக்குள் நுழைய வந்துகொண்டிருந்தது. மோதலில் கசிந்த கனமான எரியெண்ணெய் அலையோடு எர்ணாவூர் கரைக்கு வந்து பாறைகளுக்கு நடுவே தங்கியது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். கூழாகிப்போன அந்தக் கறுப்புச் சேற்றை இழுக்க முடியாமல் அவை திணறின. கடைசியில் மீனவர்களும் தன்னார்வலர்களும் கடலோரக் காவல் படையினரும் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளினார்கள்.

அந்த இரண்டு பொருள்களையும் மனதில் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு கப்பல் இறக்கிவிட்டு வந்த எரிவாயுவுக்கு நிறமில்லை. திறந்துவிட்டால் காற்றில் கலந்து மறைந்துவிடும். கரையொதுங்கிய எண்ணெயோ கல்லில் ஒட்டினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் முன்னது முழுக்கவும், பின்னது பெரும்பகுதியும் இரண்டே இரண்டு தனிமங்களால் ஆனவை: கார்பன், ஹைட்ரஜன். கந்தகம் போன்ற சில கலப்புகளை நீக்கிவிட்டால், மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெளியேறும் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், தார் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் இந்த இரண்டுதான். 2019இல் எண்ணூரில் திறக்கப்பட்ட, கிழக்குக் கடற்கரையின் முதல் திரவ இயற்கை எரிவாயு முனையத்தில் சுழியத்துக்குக் கீழே 162 டிகிரி குளிரில் வந்திறங்கும் திரவமும் அதே குடும்பம்தான்.

இரண்டே பொருள்களை வைத்துக்கொண்டு இயற்கை எப்படி இத்தனை வேறுபாடுகளை உண்டாக்குகிறது? ஆயிரக்கணக்கான இந்தச் சேர்மங்களை ஒன்றோடொன்று குழம்பாமல் எப்படிப் பெயரிட்டு அழைக்கிறார்கள்? இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த சேர்மங்களுக்கு ஹைட்ரோகார்பன் என்று பெயர். ஒரு ஹைட்ரோகார்பனின் முறையான பெயரைக் கேட்டால் அதன் வாய்பாட்டை எழுதிவிடலாம்; வாய்பாட்டைப் பார்த்தால் அதன் குணத்தைப் பெருமளவு ஊகித்துவிடலாம். பத்தாம் வகுப்பில் மனப்பாடப் பகுதியாகக் கடந்துபோகும் இந்தப் பாடம், வடசென்னையில் வாழ்கிறவர்களுக்கு அன்றாடம் உதவக்கூடிய அறிவு.

வலையிலிருந்து தொடங்குவோம்

ராயபுரம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விரித்துப்போட்டிருக்கும் ஒரு வலையைக் கவனியுங்கள். வலையின் உட்புறத்தில் எந்த முடிச்சை எடுத்தாலும் அதிலிருந்து நான்கு இழைகள் புறப்படுகின்றன. மூன்று இல்லை, ஐந்தும் இல்லை. கார்பன் அணுவை அப்படி ஒரு முடிச்சாக நினைத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் நான்கு பிணைப்புகளை உண்டாக்கும். இதைத்தான் கார்பனின் இணைதிறன் நான்கு என்கிறோம். ஹைட்ரஜனின் இணைதிறன் ஒன்று. ஓர் இழையின் முனையில் உட்கார்ந்து அதை மூடிவிடும். அதற்குமேல் எதையும் இணைக்காது.

இப்போது வலையிலிருந்து ஒரே ஒரு முடிச்சை வெட்டி எடுங்கள். நான்கு இழை முனைகள் தொங்கும். ஒவ்வொரு முனையிலும் ஒரு ஹைட்ரஜன். அதுதான் மீத்தேன். கார்பனுக்கு 'சி', ஹைட்ரஜனுக்கு 'எச்' என்ற குறியீட்டை வைத்து, எத்தனை அணுக்கள் என்பதைக் கீழே சிறிய எண்ணாக எழுதினால் சிஎச்₄. ஒன்று என்ற எண்ணை எழுதுவதில்லை.

அடுத்தடுத்த இரண்டு முடிச்சுகளைச் சேர்த்து வெட்டுங்கள். நடுவில் ஓர் இழை இரண்டுக்கும் பொது. வெளியே தொங்குவது பக்கத்துக்கு மூன்றாக ஆறு. இது ஈத்தேன், சி₂எச்₆. மூன்று முடிச்சுகளை வரிசையாக வெட்டினால் ஓரத்து முடிச்சுகளில் மும்மூன்றும் நடுவில் இரண்டுமாக எட்டு முனைகள். இது புரப்பேன், சி₃எச்₈. நான்கு முடிச்சுக்குப் பத்து முனைகள்: பியூட்டேன், சி₄எச்₁₀. நம் சமையல் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் இந்தப் புரப்பேனும் பியூட்டேனும்தான்.

ஒழுங்கு கண்ணுக்குத் தெரிகிறதா? வரிசையில் எத்தனை முடிச்சு இருந்தாலும் ஒவ்வொன்றும் பக்கவாட்டில் இரண்டு முனைகளைத் தரும். அதோடு வரிசையின் இரு கோடிகளிலும் கூடுதலாக ஒவ்வொன்று. ஆகவே கார்பன்களின் எண்ணிக்கையை இரட்டித்து இரண்டைக் கூட்டினால் ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். பத்து கார்பனா? இருபத்திரண்டு ஹைட்ரஜன். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முடிச்சுக்கு நான்கு இழை என்ற ஒன்றை மறக்காமல் இருந்தால் போதும். இப்படி ஒவ்வொரு படியிலும் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடிக்கொண்டே போகும் குடும்பத்துக்குப் படிவரிசை என்று பெயர்.

எண்ணியது யார், எப்படி?

அணுவைக் கண்ணால் பார்க்க முடியாத காலத்திலேயே இந்த எண்ணிக்கைகளைத் துல்லியமாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு அவர்கள் கையாண்ட வழி எரிப்பது.

ஹைட்ரோகார்பன் முழுமையாக எரிந்தால் அதிலுள்ள கார்பன் முழுவதும் கார்பன் டைஆக்சைடாகும். ஹைட்ரஜன் முழுவதும் நீராகும். இரண்டையும் தப்பவிடாமல் பிடித்து எடைபோட்டால் உள்ளே இருந்தது எவ்வளவு என்று கணக்கிடலாம். வேதியியலாளர் லவாய்சியர் தொடங்கிவைத்த இந்த முறையை, 1831இல் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் லீபிக் யாரும் செய்யக்கூடிய சோதனையாக ஆக்கினார். ஐந்து கண்ணாடிக் குமிழ்கள் கொண்ட சிறு கருவியில் பொட்டாஷ் கரைசலை நிரப்பி அதன் வழியாக வாயுவைச் செலுத்தினார். கரைசல் கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். சோதனைக்கு முன்னும் பின்னும் கருவியை எடைபோட வேண்டியதுதான்.

16 கிராம் மீத்தேனை எரித்தால் 44 கிராம் கார்பன் டைஆக்சைடும் 36 கிராம் நீரும் கிடைக்கும். அந்த 44இல் கார்பனின் பங்கு 12 கிராம். அந்த 36இல் ஹைட்ரஜனின் பங்கு 4 கிராம். ஒரு கார்பன் அணு ஒரு ஹைட்ரஜன் அணுவைப்போல் 12 மடங்கு எடையுள்ளது. ஆகவே ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன்.

ஆனால் எரிப்பது மட்டும் போதாது. ஈத்தேனை எரித்தால் ஒரு கார்பனுக்கு மூன்று ஹைட்ரஜன் என்ற விகிதம்தான் கிடைக்கும். அது சிஎச்₃ ஆகவும் இருக்கலாம். சி₂எச்₆ ஆகவும் இருக்கலாம். இதைத் தீர்ப்பதற்கு வாயுவின் அடர்த்தி உதவுகிறது. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும், சம கன அளவுள்ள எந்த இரண்டு வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்பது அறிவியலாளர் அவகாட்ரோ சொன்னது. ஈத்தேன் அதே கன அளவு ஹைட்ரஜன் வாயுவைப்போல் 15 மடங்கு எடையுள்ளது. ஹைட்ரஜன் மூலக்கூறின் எடை 2 என்பதால் ஈத்தேனுடையது 30. இரண்டு கார்பனுக்கு 24, ஆறு ஹைட்ரஜனுக்கு 6. கணக்கு நேராகிவிட்டது: சி₂எச்₆.

இப்படிச் சேர்ந்த எண்களைப் பார்த்துத்தான், 1858 வாக்கில் ஜெர்மனியின் கெக்குலேயும் ஸ்காட்லாந்தின் கூப்பரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கார்பனுக்கு இணைதிறன் நான்கு, ஒரு கார்பன் இன்னொரு கார்பனோடும் பிணைந்து தொடராகும். பின்னர் 1874இல் வேதியியலாளர்கள் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும், இந்த நான்கு பிணைப்புகளும் வலையைப்போல் தட்டையாக இல்லாமல் முப்பரிமாணத்தில் நான்கு திசையிலும் சமமாக விரிந்திருக்கின்றன என்று காட்டினார்கள். வலையின் எண்ணிக்கை அப்படியே பொருந்தும். வடிவம் மட்டும் தட்டையல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

பெயரின் இரண்டு பாதிகள்

பழைய பெயர்கள் கண்டுபிடித்தவர்களின் விருப்பப்படி வந்தவை. வெண்ணெயில் உள்ள ஓர் அமிலத்தின் பெயரை ஒட்டிப் பியூட்டேன் வந்தது. மரத்தை வடித்துப் பெற்ற ஒரு சாராயத்திலிருந்து 'மெத்தில்' வந்தது. சேர்மங்கள் சில டஜன்களாக இருந்தவரை இது போதுமானதாக இருந்தது. எண்ணிக்கை பெருகியதும், ஒரே பொருளுக்கு மூன்று பெயர், ஒரே பெயரில் இரண்டு பொருள் என்று குழப்பம் வந்தது. 1866இல் வேதியியலாளர் ஹாஃப்மன் ஒரு வழி சொன்னார்: சொல்லின் முன்பாதி கார்பன் எண்ணிக்கையைச் சொல்லட்டும்; பின்பாதியில் உயிரெழுத்தை மாற்றி ஹைட்ரஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டலாம். 1892இல் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள் இந்த வழியை விரிவாக்கி உலகுக்குப் பொதுவான விதிகளாக வகுத்தார்கள். இன்று நம் பாடப்புத்தகத்தில் இருப்பது அதன் வளர்ந்த வடிவம்.

முன்பாதிக்கு மூலச்சொல் என்று பெயர். ஒரு கார்பனுக்கு 'மீத்', இரண்டுக்கு 'ஈத்', மூன்றுக்கு 'புரப்', நான்குக்கு 'பியூட்'. இந்த நான்கும் பழைய பெயர்களின் மிச்சம். ஐந்திலிருந்து கிரேக்க, லத்தீன் எண்ணுப்பெயர்கள்: பென்ட், ஹெக்ஸ், ஹெப்ட், ஆக்ட், நான், டெக்.

பின்பாதிக்குப் பின்னொட்டு என்று பெயர். முடிச்சுகளுக்கு நடுவே ஒற்றை இழைகள் மட்டுமே இருந்தால் பெயர் 'ஏன்' என்று முடியும். எங்காவது ஒரு ஜோடி முடிச்சுகளை இரண்டு இழைகள் இணைத்தால் 'ஈன்' என்று முடியும். மூன்று இழைகள் இணைத்தால் 'ஐன்'. ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் மூன்றிலும் கார்பன் இரண்டுதான். முதலாவதில் ஒற்றைப் பிணைப்பு, அடுத்ததில் இரட்டைப் பிணைப்பு, மூன்றாவதில் முப்பிணைப்பு.

வாய்பாடு எழுதுவது எளிது. முடிச்சுக்கு நான்கு இழை என்பது மாறாது. ஆகவே நடுவில் ஓர் இழை கூடினால், இரண்டு முடிச்சிலும் வெளியே தொங்கும் முனை ஒவ்வொன்று குறையும். ஈத்தேன் சி₂எச்₆, ஈத்தீன் சி₂எச்₄, ஈத்தைன் சி₂எச்₂. ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ளவை நிறைவுற்றவை; மற்ற இரண்டு வகையும் நிறைவுறாதவை, அதாவது இன்னும் ஹைட்ரஜனுக்கு இடம் இருப்பவை.

ஈத்தைனின் பழைய பெயர் அசிட்டிலீன். காசிமேட்டில் படகுப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் காஸ் வெல்டிங்குக்கு எரிப்பது இதைத்தான். கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வெளிவரும் வாயுவும் இதுதான். சட்டம் தடைசெய்திருந்தும் மாம்பழத்தைப் பழுக்கவைக்கச் சிலர் பயன்படுத்துவதாகச் செய்திகளில் படிக்கிறோமே, அதே கல்.

இரட்டைப் பிணைப்புக்குத் தொழிற்சாலைகளில் ஏன் இவ்வளவு மதிப்பு? இரண்டு இழைகளில் ஒன்றை அவிழ்த்தால் வேறு ஏதாவதொன்றைக் கட்டிக்கொள்ள இரண்டு முனைகள் கிடைக்கின்றன. மணலி அதற்கு நல்ல உதாரணம். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் நிறுவப்பட்டு 1969இல் இயங்கத் தொடங்கிய ஆலைதான் இன்றைய சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். கச்சா எண்ணெயின் பெரிய மூலக்கூறுகளை அங்கே உடைக்கும்போது புரப்பீன் உண்டாகிறது. பழைய பெயர் புரப்பிலீன், வாய்பாடு சி₃எச்₆. பக்கத்திலேயே இருக்கும் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் அதை வாங்கிப் புரப்பிலீன் ஆக்சைடாக மாற்றுகிறது. மெத்தை, இருக்கைகளில் இருக்கும் பாலியூரித்தேன் நுரைக்கு அதுதான் மூலப்பொருள். ஒரு பெயரின் கடைசி எழுத்துகள் 'ஏன்' என்பதிலிருந்து 'ஈன்' என்று மாறும்போது, பெரும்பாலும் எரிக்க உதவும் பொருள் இன்னொன்றைக் கட்டியெழுப்பும் பொருளாகிவிடுகிறது.

எண்ணிக்கை ஒன்று, வடிவம் வேறு

இதுவரை வலையை வரிசையாகவே வெட்டினோம். நான்கு முடிச்சுகளை வேறு விதமாகவும் வெட்டலாம். நடுவில் ஒரு முடிச்சு, அதைச் சுற்றி மூன்று. முனைகளை எண்ணிப் பாருங்கள்: சுற்றியுள்ள மூன்றிலும் மும்மூன்றாக ஒன்பது, நடுவில் ஒன்று, ஆகப் பத்து. அதே சி₄எச்₁₀. ஆனால் பொருள் வேறு. நேரான பியூட்டேன் சுழியத்துக்குச் சற்றுக் கீழே, கழித்தல் 0.5 டிகிரியில் கொதிக்கிறது. கிளைவிட்ட ஐசோபியூட்டேன் கழித்தல் 11.7 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இப்படி எண்ணிக்கையில் ஒன்றாகவும் அமைப்பில் வேறாகவும் இருப்பவற்றை மாற்றியங்கள் என்கிறோம். எண்ணிக்கையை மட்டும் சொல்வது மூலக்கூறு வாய்பாடு. எது எதோடு இணைந்திருக்கிறது என்றும் காட்டுவது அமைப்பு வாய்பாடு.

ஐந்து கார்பன் உள்ள பென்டேனுக்கு மாற்றியங்கள் மூன்று. ஆறுக்கு ஐந்து. பத்துக்கு 75. இருபது கார்பனுக்கு 3,66,319. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயக் கணிதவியலாளர் கெய்லி இந்த எண்ணிக்கைகளைக் கண்டறிய ஒரு கணித முறையை வகுக்க முயன்றார். கார்பனுக்கு நான்கு இழை என்ற ஒரே விதி எத்தனை பெரிய உலகைத் திறந்துவிடுகிறது என்பதற்கு இந்த எண்களே சான்று.

இந்த வடிவங்கள் கற்பனையல்ல என்பது எப்படித் தெரியும்? பென்டேனின் மூன்று மாற்றியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜனை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குளோரினை வைத்தால் எத்தனை வகைப் பொருள் கிடைக்கும்? நேரான தொடரில் ஹைட்ரஜன்கள் மூன்று விதமான இடங்களில் இருக்கின்றன: கோடியில், கோடிக்கு அடுத்து, நட்டநடுவில். ஆகவே மூன்று. ஒரு கிளை உள்ளதில் நான்கு. நடுவில் ஒரு முடிச்சும் அதைச் சுற்றி நான்கு முடிச்சுகளும் இருக்கும் மூன்றாவது வடிவத்தில் பன்னிரண்டு ஹைட்ரஜன்களும் ஒரே விதமான இடத்தில் இருக்கின்றன. ஆகவே ஒன்றே ஒன்று. ஆய்வகத்தில் செய்து பார்த்தால் இதே எண்கள்தான் கிடைக்கின்றன. தாளில் வரைந்த வடிவம் குடுவைக்குள் நடப்பதை முன்கூட்டியே சொல்கிறது. 1860களில் ரஷ்யாவின் பட்லெரோவ், இப்படித் தாளில் கணித்த ஐசோபியூட்டேனை உண்மையிலேயே தயாரித்துக் காட்டியபோது இந்த நம்பிக்கை உறுதிப்பட்டது. 2009இல் சூரிக்கிலுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில், ஐந்து கார்பன் வளையங்கள் வரிசையாக ஒட்டிய பென்டசீன் என்ற ஹைட்ரோகார்பனின் ஒற்றை மூலக்கூறையே அணுவிசை நுண்ணோக்கியால் படமெடுத்தார்கள். நூறாண்டுக்கும் மேலாகத் தாளில் வரைந்துவந்த வளையங்கள் அப்படியே இருந்தன.

வலையை இன்னொரு விதமாகவும் வெட்டலாம். ஒரு முழுக் கண்ணியை, நான்கு மூலையிலும் நான்கு முடிச்சுகளோடு எடுங்கள். இது வளையம். முடிச்சுக்கு இரண்டாக எட்டு முனைகள் வெளியே நிற்கும்: சி₄எச்₈, பெயர் சைக்ளோபியூட்டேன். ஓர் இரட்டைப் பிணைப்புள்ள பியூட்டீனும் சி₄எச்₈தான். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் புரோமின் நீர் போதும். பியூட்டீன் அதன் செம்பழுப்பு நிறத்தைப் போக்கிவிடும். சைக்ளோபியூட்டேன் அவ்வளவு எளிதில் போக்காது.

ஒரு நீண்ட பெயரைப் பிரிப்போம்

கிளைகள் வந்தபின் பெயரிடுவதற்கு மூன்று விதிகள் தேவை. முதலில், மிக நீளமான கார்பன் தொடரைக் கண்டுபிடி. அதுதான் பெயரின் அடிப்படை. அடுத்து, கிளைக்குச் சிறிய எண் வரும்படி ஏதாவது ஒரு கோடியிலிருந்து எண்ணு. கடைசியாக, எந்த எண்ணில் எந்தக் கிளை என்பதை முன்னால் சொல். ஒரு கார்பன் கிளைக்கு மெத்தில் என்றும் இரண்டு கார்பன் கிளைக்கு ஈத்தில் என்றும் பெயர். ஒரே கிளை இரண்டு தடவை வந்தால் 'டை', மூன்று தடவை வந்தால் 'ட்ரை'. இந்த விதிப்படி ஐசோபியூட்டேனின் முறையான பெயர் 2-மெத்தில்புரப்பேன்.

இப்போது கடினமான ஒன்றைப் பார்ப்போம்: 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேன். பின்னாலிருந்து படியுங்கள். 'ஏன்': ஒற்றைப் பிணைப்புகள் மட்டும். 'பென்ட்': ஐந்து கார்பன் தொடர். 'ட்ரைமெத்தில்': மூன்று ஒற்றைக் கார்பன் கிளைகள். '2,2,4': இரண்டு கிளைகள் இரண்டாவது கார்பனில், ஒன்று நான்காவதில். ஐந்தும் மூன்றும் எட்டு கார்பன். எட்டை இரட்டித்து இரண்டைக் கூட்டினால் பதினெட்டு ஹைட்ரஜன். வாய்பாடு சி₈எச்₁₈. பெயரில் பென்டேன் என்று இருந்தாலும் இது எட்டுக் கார்பன் குடும்பம்.

இந்த மூலக்கூறை நாம் ஏற்கெனவே வேறு பெயரில் அறிவோம். பெட்ரோல் பங்க்கில் 'ஆக்டேன்' என்று ஓர் எண் போட்டிருக்கிறார்களே, அந்த அளவுகோலின் நூறு இதுதான். வழக்குப் பெயர் ஐசோ ஆக்டேன். இன்ஜினுக்குள் பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டால் 'நாக்கிங்' என்னும் தட்டல் கேட்கும். ஐசோ ஆக்டேன் அப்படி எளிதில் பற்றாது, அதற்கு 100. நேரான ஏழு கார்பன் தொடரான ஹெப்டேன் உடனே பற்றும், அதற்கு 0. 91 ஆக்டேன் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப்போல் அந்தப் பெட்ரோல் நடந்துகொள்கிறது என்று பொருள். வியப்பு என்னவென்றால், கிளையே இல்லாத நேரான ஆக்டேனும் சி₈எச்₁₈தான். அதன் மதிப்போ சுழியத்துக்கும் கீழே. அணுக்கள் ஒன்றே, இணைந்த விதம்தான் இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

சலவைத்தூளுக்கு இதற்கு நேர்மாறான தேவை. 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன. அப்போதைய சலவைத்தூளில் கிளைவிட்ட கார்பன் தொடர்கள் இருந்தன. பாக்டீரியாக்களால் அவற்றை எளிதில் சிதைக்க முடியவில்லை. நேரான தொடர்களுக்கு மாறியதும் நுரை அடங்கியது. மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலை சலவைத்தூளுக்கான இந்த நேர்த்தொடர் மூலப்பொருளைத்தான் 1980களின் பிற்பகுதியிலிருந்து தயாரித்துவருகிறது. மண்ணெண்ணெயிலிருந்து பத்து முதல் பதின்மூன்று கார்பன் வரையுள்ள நேரான தொடர்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். டெக்கேன், அன்டெக்கேன், டோடெக்கேன், ட்ரைடெக்கேன் என்பவை அவற்றின் பெயர்கள். இத்தகைய பிரிப்புக்கு மூலக்கூறுச் சல்லடை பயன்படுகிறது. மிக நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு கனிமம் அது. மெலிந்த நேர்த்தொடர்கள் துளைக்குள் நுழைந்துவிடும். கிளைவிட்டவை அகலமாக இருப்பதால் வெளியே நின்றுவிடும். நேர்த்தொடரா, கிளைத்தொடரா என்று பெயரில் நாம் எழுதும் வேறுபாட்டை, பெயர் அறியாத ஒரு கனிமம் அளவை வைத்தே கண்டுகொள்கிறது.

வாய்பாடு சொல்லும் எச்சரிக்கை

மூலக்கூறு நீளும்போது அடுத்த மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் ஈர்ப்பும் கூடுகிறது. மீத்தேனின் கொதிநிலை கழித்தல் 161.5 டிகிரி, புரப்பேனுக்குக் கழித்தல் 42, ஐந்து கார்பன் பென்டேனுக்கு 36 டிகிரி, எட்டுக் கார்பன் ஆக்டேனுக்கு 126, பத்துக் கார்பன் டெக்கேனுக்கு 174. அதனால்தான் முதல் நான்கும் நம் ஊர் வெயிலில் வாயு, அதன்பின் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், கடைசியில் ஓடவும் முடியாத எரியெண்ணெயும் தாரும். கச்சா எண்ணெயைச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் அனுப்பி, எது எந்த வெப்பநிலையில் ஆவியாகிறது என்பதை வைத்தே மணலியில் பிரிக்கிறார்கள். எர்ணாவூரில் வாளியால் அள்ள வேண்டிவந்த எண்ணெய், இந்தப் படிவரிசையின் நீண்ட மூலக்கூறுகளும் பெரிய வளையங்களும் நிறைந்தது. உறிஞ்சும் லாரிகள் திணறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாயு கசிந்தால் அது எங்கே போகும் என்பதையும் வாய்பாடு சொல்லிவிடும். கார்பனுக்கு 12, ஹைட்ரஜனுக்கு 1 என்று கூட்டினால் மீத்தேன் 16, புரப்பேன் 44, பியூட்டேன் 58. நாம் சுவாசிக்கும் காற்றின் சராசரி ஏறக்குறைய 29. ஆகவே குழாய் எரிவாயுவான மீத்தேன் கசிந்தால் மேலே எழும். கூரையை ஒட்டிய காற்றுவழிகள் திறந்திருக்க வேண்டும். திரவ இயற்கை எரிவாயு மட்டும் கசிந்தவுடன் கடுங்குளிரில் கனமாகித் தரையோடு படர்ந்துவிட்டு, சூடேறிய பிறகே எழும். சிலிண்டர் கேஸ் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு கனம். கீழே தங்கும், சாக்கடையிலும் பள்ளத்திலும் இறங்கி நிற்கும். சிலிண்டர் கசிந்தால் தாழ்ந்த கதவுகளைத் திறக்கச் சொல்வது இந்தக் கணக்கிலிருந்து வந்தது; தீப்பொறி எழலாம் என்பதால் சுவிட்சையும் தொடக் கூடாது. இந்த வாயுக்களுக்கு மணமும் இல்லை. நாம் முகர்வது எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்பட்ட மெர்காப்டனின் நாற்றத்தை.

எண்ணெய் கசிந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்கவும் இதே அறிவு உதவும். ஒவ்வொரு எண்ணெயிலும் எத்தனை கார்பன் தொடர் எவ்வளவு விகிதத்தில் இருக்கிறது என்பது வேறுபடும். வாயு நிறப்பகுப்பாய்வு என்ற முறையில், ஒரு துளி எண்ணெயை ஆவியாக்கி நீண்ட மெல்லிய குழாய் வழியே செலுத்தினால், சிறிய மூலக்கூறுகள் முதலிலும் பெரியவை பின்னாலும் வெளிவந்து அந்த விகிதத்தைக் கோடுகளாக வரைந்து காட்டும். தண்ணீரில் மிதக்கும் எண்ணெயின் கோடுகளும் சந்தேகத்துக்குரிய தொட்டியின் கோடுகளும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்து, படகிலும் வலையிலும் அலையாத்தி வேர்களிலும் ஒட்டியபோது, இந்த மாதிரி ஆய்வுகளின் தேவை தெளிவாகத் தெரிந்தது.

திருவொற்றியூர், மணலி, எண்ணூர் சாலைகளில் நாள் முழுதும் டேங்கர் லாரிகள் போகின்றன. அபாயப் பொருள் ஏற்றிச்செல்லும் ஒவ்வொரு லாரியிலும் பொருளின் பெயரும் நான்கு இலக்க எண்ணும் எழுதிய பலகை இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. 1075 என்றால் திரவமாக்கிய பெட்ரோலிய வாயு. 1972 என்றால் குளிர்வித்துத் திரவமாக்கிய மீத்தேன். 1203 என்றால் பெட்ரோல். 1001 என்றால் அசிட்டிலீன். இவற்றில் எது கனமானது, எது மேலெழும், எது தரையில் ஓடும் என்பது இந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்கு இனித் தெரியும்.

விபத்து நேரத்தில் 'வாயுக் கசிவு', 'எண்ணெய்ப் படலம்' என்று மட்டும் சொல்லும் அறிவிப்புகளோடு நாம் திருப்தியடையக் கூடாது. எந்த வாயு, எந்த எண்ணெய் என்று முழுப்பெயரைக் கேட்க வேண்டும். அந்தப் பெயரைத் தமிழில், ஊருக்குத் தெரியும்படி உடனே அறிவிப்பது ஆலைகளின் கடமை. அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனை இப்பகுதியின் ஒவ்வொரு பத்தாம் வகுப்பு மாணவருக்கும் தருவது பள்ளிகளின் கடமை. புரப்பேன் என்று சொன்னவுடன் மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன், காற்றைவிடக் கனம், மேட்டுக்குப் போ என்று சொல்லக்கூடிய ஒரு மாணவி தெருவுக்கு ஒருத்தி இருந்தால், அந்தத் தெரு இன்றைக்கு இருப்பதைவிடப் பாதுகாப்பாக இருக்கும்.